காஞ்சன்பென்னின் கைராசி

குஜராத்தில், பேட்லாத் ஊரில் எங்கள் சந்தில், ஹோலி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் மொட்டைமாடி தோறும் கோதுமை காயும். ஒரு வருஷத்துக் கோதுமை. காயவைத்து, புடைத்து, கல் பொறுக்கி, விளக்கெண்ணெய் தடவி, குதிரில் கொட்டி மூடிவிட்டால் அடுத்த ஹோலி வரை அந்த வீட்டுக்காரிக்கு நிம்மதி. எண்ணெய் தடவுவது சும்மா இல்லை. கூடிப்போனால் மாவு கசக்கும், ரொட்லி என்கிற மெல்லிய சப்பாத்தி தொண்டையில் இறங்காது. குறைந்துபோனால் முதல் மழைக்கே வண்டு வந்துவிடும். அளவை எந்தக் கரண்டியும் சொல்லாது, கைதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்த கை காஞ்சன்பென்னுடைய கை என்று சந்தில் எல்லோரும் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

யார் வீட்டுக் குவியலானாலும் முதல் கை அவளுடையதாக இருக்க வேண்டும். "காஞ்சன்பென், வந்து ஒரு கை வச்சிட்டுப் போங்க, அப்புறம் நாங்க பாத்துக்கறோம்" என்று ஆள் வரும். அவள் உடனே போய்விட மாட்டாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்பாள், புடவையை மாற்றுவாள், இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகு கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்து போவாள். குவியலில் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பாள். டக்கென்று உடைந்தால் சரி. பிசுக்கென்று நசுங்கினால், "இன்னும் ஒரு வெயில் காட்டுங்க" என்று எழுந்துவிடுவாள். எவ்வளவு பெரிய வீடானாலும் கெஞ்சினாலும் உட்கார மாட்டாள்.

தோல்கா பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவள். அந்த மண்ணில் தண்ணீர் பாய்ச்சாமலே விளைகிற சிவந்த நீளக் கோதுமையைக் குஜராத் முழுக்க லட்டுக்குத் தேடுவார்கள். அதற்கு நடுவில் வளர்ந்தவளுக்குக் கோதுமை தெரிந்ததில் அதிசயம் இல்லை. வேறு எதுவும் தெரியவில்லை என்பதுதான் அவளுடைய குறை. நவராத்திரி கர்பா ஆட்டத்தில் அவள் மட்டும் தாளம் தப்புவாள். பாட வராது. நாலு பேர் சிரிக்கப் பேச வராது. கணவன் ஜசுபாய் புகையிலைக் கிடங்கில் கணக்குப் பார்க்கிறவர், வீட்டுக்கு வந்தால் சோற்றுக்குத்தான் வாயைத் திறப்பார். ஒரே மகள் ஹேதலைக் கட்டிக்கொடுத்தாயிற்று. சந்தில் காஞ்சன்பென்னுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்தக் கைராசிதான்.

ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி நிருபமா. கொழுந்தன் அரவிந்தின் மனைவி, வடோதராக்காரி. காஞ்சன்பென் அவள்மேல் பொறாமைப்பட்டாள். பொறாமை என்றால் பொறாமைதான், அதற்கு வேறு பெயர் தேட வேண்டாம். நிருபமாவுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் பையன்கள். முடி இடுப்புக்குக் கீழே. அரவிந்த் அவளை ஆனந்துக்கு சினிமாவுக்குக் கூட்டிப்போவான். இதெல்லாம் கூடப் போகட்டும். அவள் சிரித்தால் சுவருக்கு இந்தப் பக்கம் ஜசுபாயும் காரணம் தெரியாமல் புன்னகை செய்வார். அதுதான் காஞ்சன்பென்னுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் வருஷத்தில் ஒருமுறை நிருபமா கை கட்டிக் குவியலுக்கு முன்னால் நின்று, "அக்கா, நீங்க தொட்டாத்தான்" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் காஞ்சன்பென் மிச்ச நாளையெல்லாம் ஓட்டிவிடுவாள்.

போன தீபாவளிக்கு முந்தின தனத்திரயோதசிக்கு ஊரே பாத்திரம் வாங்கியது. அரவிந்த் வீட்டில் மாவரைக்கும் மிஷின் வந்து இறங்கியது. சின்ன பீரோ மாதிரி, மேலே கோதுமை கொட்டினால் கீழே டப்பாவில் மாவு. நிருபமா அதற்குக் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, முதல் மாவைச் சந்தில் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். காஞ்சன்பென்னுக்கும்தான்.

மறுநாளிலிருந்து சாயங்காலமானால் பெண்கள் ஆளுக்கொரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நிருபமா வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். அரைத்துத் தருவதோடு அவள் டீயும் கொடுத்தாள். அரைக்கிற சத்தம் ஒட்டுச் சுவர் வழியாக வந்து காஞ்சன்பென் வீட்டு அலமாரியில் தட்டுகளை ஆட்டியது. கொஞ்ச நாளில் அவளுக்குச் சத்தத்தை வைத்தே தெரிந்துவிட்டது: சன்னமாகச் சீறினால் ரொட்லிக்குச் சின்னக் கண் சல்லடை போட்டிருக்கிறாள், கரகரவென்றால் லட்டுக்குப் பெரிய கண். யாருக்கு அரைக்கிறாள் என்று மட்டும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வாசலில் நின்று துணி உலர்த்த வேண்டியிருந்தது. காய்ந்த துணியையே மறுபடி உலர்த்திய நாளும் உண்டு.

எதிர்வீட்டுத் தாராபென் ஒருநாள் டப்பாவோடு போகும்போது நின்றாள். சந்தில் யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மோந்தே சொல்கிறவள்.

"என்ன காஞ்சன்பென், ஒரே சுவரு. நீங்க ஒரு தடவைகூட வரலையே."

"எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. மண்டைய இடிக்குது. அதுவுமில்லாம மிஷின் சூட்டுல மாவு வெந்துடும், சத்தெல்லாம் போயிடும்."

"அப்படியா? எங்க வீட்ல ரொட்லி பூரி மாதிரி உப்புதே."

"உப்பும் உப்பும். காத்துதானே."

காஞ்சன்பென் பழைய வழக்கப்படி கடைவீதி மில்லுக்கே கோதுமையைச் சுமந்துகொண்டு போனாள். அங்கே இவளுக்கு முன்னால் எவனோ கம்பு அரைத்துவிட்டுப் போயிருப்பான். அந்தக் கம்பு மிச்சம் இவள் மாவில் வந்து விழும்.

"இன்னிக்கு ரொட்லியில கம்பு வாடை அடிக்குதே" என்பார் ஜசுபாய்.

"கம்பு உடம்புக்கு நல்லது."

"நல்லதுதான். நிரு ஒரு டப்பா மாவு தரேன்னு சொல்லிச்சு, வாங்கிக்கட்டுமா?"

அவ்வளவு பேசினதே ஜசுபாய்க்கு அதிகம். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது ரொட்லி கிடைக்கவில்லை.

அடுத்த ஹோலி வந்தது, கோதுமை வந்தது. வழக்கம்போல் காஞ்சன்பென்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் இரண்டாம் முறை யாரும் கூப்பிடவில்லை. அவள் புடவை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பெண்கள் பாதிக் குவியலைத் தடவி முடித்திருந்தார்கள். பேச்சு முழுக்க மிஷினைப் பற்றி.

"எனக்கு என்ன தோணுதுன்னா, இனிமே வருஷத்துக்கும் சேத்து வாங்கணும்னே இல்ல. மாசாமாசம் கொஞ்சம் வாங்கி நிரு வீட்ல அரைச்சுக்கிட்டா போச்சு. எண்ணெயும் வேணாம், வேப்பிலையும் வேணாம்" என்றாள் தாராபென்.

எல்லோரும் அதுவும் சரிதான் என்றார்கள். காஞ்சன்பென் கையில் இருந்த கோதுமையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவி முடித்ததையே திரும்பத் தடவினாள். வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் இந்தக் கையைக் கும்பிட்டவர்கள், ஒரு பீரோவைப் பார்த்ததும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். நிருபமா மட்டும், "அதெல்லாம் ஆகாது. எங்க அக்கா தடவின கோதுமை ருசி கடைக் கோதுமைக்கு வருமா?" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் இன்னும் எரிந்தது. கொடுக்கிற இடத்தில் அவள் இருக்கிறாள், வாங்கிக்கொள்கிற இடத்தில் நான் இருக்கிறேன் என்று பட்டது.

சித்திரைக் கடைசியில் காஞ்சன்பென்னின் அண்ணன் கரிசல் கோதுமை அனுப்பினான். வருஷா வருஷம் தங்கைக்கு ஒரு மூட்டை, தங்கையின் ஓரகத்திக்கு ஒரு மூட்டை. லட்டுக்கும் பிரசவித்தவளுக்குச் செய்கிற சுக்டி இனிப்புக்கும் இந்தக் கோதுமைதான் வேண்டும் என்பதால் தனி டிரம்மில் கட்டி வைப்பார்கள், அன்றாடத்துக்குத் தொட மாட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி டிரம். ஹேதல் அப்போது முழுகாமல் இருந்தாள். முதல் பிரசவம் தாய் வீட்டில்.

அந்த வாரம் நிருபமாவின் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வடோதராவிலிருந்து செய்தி வந்தது. கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வாசலில் நின்றாள்.

"அக்கா, என் மூட்டையையும் நீங்களே காயவச்சுத் தடவி வச்சிருங்க. நான் தடவினா ஜன்மாஷ்டமிக்கே வண்டு கிருஷ்ணனைப் பாக்க வந்துடும்."

"வச்சுடறேன் போ. அப்பாவப் பாரு."

இரண்டு மூட்டையையும் மாடியில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள். தன்னுடையதை வெயில் தாழ்ந்ததும் அள்ளி உள்ளே கொண்டுபோய், நிழலில் பரப்பி, ராத்திரி முழுக்க ஆறவிட்டாள். காலையில் உட்கார்ந்து தடவினாள். ஹேதலை நினைத்துக்கொண்டு தடவினாள். ஒவ்வொரு மணியும் பளபளத்தது, உள்ளங்கையில் பிசுக்கே இல்லை. காய்ந்த வேப்பிலை போட்டு, டிரம்மில் கொட்டி, மூடியைச் சுற்றித் துணி கட்டினாள்.

நிருபமாவினுடையது இன்னொரு வெயிலில் கிடந்தது. மத்தியானம் மாடிக்குப் போனாள். கோதுமை கையைச் சுட்டது. அதை இறக்கி ஆறவிட வேண்டும், ஆறின பிறகுதான் எண்ணெய், அதற்குப் பிறகுதான் மூடி. சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும், வியர்த்தால் மழைக்காலத்தில் கட்டி பிடிக்கும், வண்டு குடும்பத்தோடு வரும். இது எங்கள் சந்தில் கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக்கூடத் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கீழே தாராபென் குரல் கேட்டது. அரவிந்திடம் கேட்கிறாள்: "நிரு எப்ப வருவா? மிஷின் இல்லாம கை உடைஞ்ச மாதிரி இருக்கு."

அவ்வளவுதான். காஞ்சன்பென் கிண்ணத்தில் மிச்சம் இருந்த கொஞ்சூண்டு எண்ணெயைத் தெளித்து, இரண்டு புரட்டுப் புரட்டி, சுடச்சுட அள்ளி டிரம்மில் கொட்டினாள். மூடியை அழுத்தினாள். துணியை மட்டும் நன்றாகவே கட்டினாள். வண்டு வரட்டும். அந்த மிஷினுக்குள் வண்டு போகட்டும், சந்தே பார்க்கட்டும், அப்புறம் மாசாமாசம் வாங்குகிறவர்கள் வாங்கட்டும். மனசு இலேசாக இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிருபமா திரும்பி வந்த அன்று பௌர்ணமி. காஞ்சன்பென் டாகோர் கோயிலுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் சாமான் அறையில் தன் டிரம் மட்டும் அதன் இடத்தில் இருந்தது, இன்னொன்றைக் காணோம். அரவிந்தும் ஜசுபாயும் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்களாம். நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

மழை வந்தது. காஞ்சன்பென் காத்திருந்தாள். தினமும் மிஷின் ஓடுகிற சத்தத்துக்குக் காது கொடுத்தாள். கணேஷ் சதுர்த்திக்கு முந்தின நாள் சுவர் கரகரத்தது. பெரிய கண் சல்லடை, கரிசல் கோதுமை. கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு நின்றாள். இப்போது ஒரு கூச்சல் கேட்கும் என்று எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. மறுநாள் தட்டு நிறைய சூர்மா லட்டோடு நிருபமாதான் வந்தாள்.

"அக்கா, கோதுமை ஒவ்வொண்ணும் முத்து. ஒரு பூச்சி இல்ல, ஒரு கட்டி இல்ல. தாராபென் அள்ளி அள்ளிப் பாத்துட்டு வாயடைச்சுப் போயிட்டா. கைராசின்னா இதுதான்."

காஞ்சன்பென் லட்டை வாங்கிக்கொண்டாள். சந்தோஷப்பட்டிருக்கலாம். பழி தப்பியது, பேரும் நிலைத்தது. ஆனால் அவளுக்குத் தோன்றியது வேறு. இவளுக்கு வண்டுகூட வர மாட்டேன் என்கிறதே, கடவுள் இவளை எப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறான் என்று புழுங்கினாள். லட்டு நன்றாக இருந்தது. அதிலும் ஒரு புழுக்கம்.

நவராத்திரி முடிந்ததும் ஹேதலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த அன்று காலையில், சுக்டிக்கு மாவு வேண்டுமே என்று காஞ்சன்பென் டிரம்மைத் திறக்கப் போனாள். குழந்தை பார்க்க வந்த தாராபென்னும் கூடவே வந்து எட்டிப் பார்த்தாள்.

துணியை அவிழ்த்ததுமே ஒரு மக்கல் வாடை வந்தது. மூடியைத் தூக்கினாள். உள்பக்கம் கறுப்பாக ஊர்ந்தது. கையை விட்டாள், கோதுமை கட்டி கட்டியாக வந்தது, வண்டு முழங்கை வரை ஏறியது.

"காஞ்சன்பென் கை பட்ட கோதுமையிலயா?" என்றாள் தாராபென். அந்தக் குரலில் இரக்கமும் இருந்தது, சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கச் சொல்லியாக வேண்டும் என்கிற அவசரமும் இருந்தது.

காஞ்சன்பென் கையில் ஏறிய வண்டை உதறினாள். இந்தக் கோதுமையை ஆறவிட்டுத்தானே வைத்தாள்? மணி மணியாகத் தடவினாளே. அப்படியானால் யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். யார் செய்வார்கள் என்று யோசிக்க அவளுக்கு நேரமே ஆகவில்லை. தன் மனசில் என்ன இருந்ததோ அதையே சுவருக்கு அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தாள். கையில் ஒரு பிடி வண்டுக் கோதுமையோடு பக்கத்து வீட்டுக்குள் போனாள். தாராபென் பின்னாலேயே வந்தாள்.

நிருபமா மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் டிரம்ல என்னத்தடி போட்ட?"

"என்னக்கா?"

"நான் டாகோர் போன அன்னிக்குத்தானே டிரம்மைத் தூக்க வந்தீங்க? என் பேரைக் கெடுக்கணும்னா வேற வழி கிடைக்கலையா? பிள்ளை பெத்தவ திங்கிறதுலயா கை வைப்ப? மிஷின் வந்ததுலேர்ந்து உனக்குத் தலை கால் புரியல. ஊர்ல ஒருத்திக்கு ஒரு பேர் இருந்தா பொறுக்காதே உனக்கு."

நிருபமா அந்தக் கோதுமையை வாங்கிப் பார்த்தாள். முகம் சிறுத்துப் போனது.

"ஐயோ, கெட்டுப்போச்சா? அக்கா, அது உங்க டிரம் இல்ல. என்னோடது."

"உன்னோடதா?" என்றாள் காஞ்சன்பென்.

"அன்னிக்குத் தூக்க வந்த ரெண்டு பேர்கிட்டயும் நான்தான் டிரம்மை மாத்தி வைக்கச் சொன்னேன். உங்ககிட்டச் சொன்னா ஒத்துக்க மாட்டீங்கன்னு சொல்லல, உங்க வீட்டுக்காரரையும் சொல்ல வேணாம்னேன்."

"எதுக்கு?"

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? உங்க வீட்டுதுன்னா அவசரத்துல ஏனோதானோன்னு தடவுவீங்க. அடுத்தவங்க நம்பிக் கொடுத்ததுன்னா ஒவ்வொரு மணியா பாப்பீங்க. அதான் எனக்காக நீங்க தடவினது ஹேதலுக்கு இருக்கட்டும்னு மாத்தினேன். என் கெட்ட நேரம், அதுல போயி வண்டு விழுந்துடுச்சு. உங்க சாமான் அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் என் அடுப்பு, அந்தச் சூடு ஏறியிருக்கும், நான்தான் யோசிக்கல." தாராபென் பக்கம் திரும்பினாள். "இதுல அக்கா கையைக் குத்தம் சொல்லாதீங்க தாராபென். சதுர்த்தி லட்டு நீங்களும்தானே சாப்ட்டீங்க. அதுவும் அக்கா தடவினதுதான்."

தாராபென் தலையாட்டினாள். ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. ஹேதல் அதைச் சமாதானப்படுத்துவது கேட்டது.

காஞ்சன்பென்னுக்கு அங்கேயே தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. சுவர்ச் சூடு என்று நிருபமாவே காரணம் கொடுத்துவிட்டாள், பேர் போகாது, அடுத்த ஹோலிக்கும் முதல் கை இவளுடையதுதான். பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் என் குற்றத்தையும் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அதையும் இவ்வளவு சுலபமாகச் செய்கிறாளே இவள் என்று நினைத்தபோது, பழைய பொறாமை திரும்ப வந்தது. இதையும் இவளிடமிருந்து வாங்கிக்கொண்டு போக முடியாது என்று தோன்றியது. நல்ல மனசினால் சொன்னாள் என்று சொல்ல மாட்டேன். பொறுக்க முடியாமல்தான் சொன்னாள்.

"சுவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்னோடதை நான் ஆறவைக்கல. மாடிலேர்ந்து சூட்டோட அள்ளிக் கொட்டி மூடினேன். எண்ணெயும் சரியாப் போடல. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

நிருபமா கையில் இருந்த துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவள் சிரிக்காமல் இருந்து காஞ்சன்பென் பார்த்ததில்லை. சிரிப்பு இல்லாத அந்த முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று நின்றாள்.

நிருபமா உள்ளே போனாள். தன் டிரம்மிலிருந்து, அதாவது காஞ்சன்பென் மகளை நினைத்துத் தடவி வைத்த டிரம்மிலிருந்து, ஒரு டப்பா கோதுமை கொண்டுவந்தாள். சல்லடையை மாற்றினாள். பெரிய கண். கோதுமையைக் கொட்டி மிஷினைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியிருக்கவில்லை. தாராபென் மெல்ல நழுவினாள். சுவருக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுத் தட்டுகள் ஆடிக்கொண்டிருக்கும் என்று காஞ்சன்பென் நினைத்தாள்.

மிஷின் நின்றது. நிருபமா மாவுடப்பாவை இழுத்து, மாவை ஒரு தூக்குப் பாத்திரத்தில் தட்டிப் போட்டாள். கரகரப்பான சிவந்த மாவு. புதிதாக அரைத்ததில் தூக்கே கதகதத்தது. காஞ்சன்பென் வாங்கிக்கொண்டு, ஓடிவிட வேண்டும் என்கிற அவசரத்தில் மூடியை எடுத்துத் தூக்கின்மேல் வைத்தாள்.

நிருபமா கையை நீட்டி அந்த மூடியை எடுத்து அவள் கையில் தனியாகக் கொடுத்தாள்.

"ஆறின பிறகு மூடுங்கக்கா" என்றாள்.